கேத்திலின் அடியில் படியும் வெள்ளை

இலண்டன் மாநகருக்கு வந்து சேரும் எம்மவர் முதற் சில நாள்களுக்குள்ளேயே காணும் புதுமைகளுள் ஒன்று, தேநீருக்கு வைத்த கேத்திலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கு ஆகும். தேநீரின் மேல் எண்ணெய் போன்றதொரு படலம் மிதக்கிறது. சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறது. குளித்து முடித்தால் தோல் இழுக்கிறது, தலைமுடி தும்பாகிறது. இந்தத் தண்ணீரையா குழந்தைக்குக் கொடுப்பது என்ற கேள்வி தாய்மார் மனதில் எழுவது இயல்பே. அதன் பின்னர் போத்தல் தண்ணீர் வாங்கும் வழக்கம் வந்து சேருகிறது. வாராந்த உதவிப்பணத்தில் காலம் தள்ளும் குடும்பங்களும் அங்காடியிலிருந்து தண்ணீர்ப் போத்தல் கட்டுகளைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுவதை ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் நாம் காண்கின்றோம்.

இது தேவையற்ற சுமை என்பதே எமது கருத்து. ஆயினும் இலண்டன் வீடுகளில் தண்ணீரைப் பற்றி அஞ்ச வேண்டியது எதுவுமே இல்லை என்று கூற நாம் முன்வரவில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று. அது கேத்திலில் படிவதுமில்லை, நாக்குக்குத் தெரிவதுமில்லை. அதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விரிவாகக் கூறுவோம்.

முதலில் வெள்ளைப் பொருக்கு. ஊரில் விஞ்ஞான பாடம் படித்தோருக்கு வன்னீர், மென்னீர் என்ற சொற்கள் நினைவிருக்கும். மழைநீர் மண்ணூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அவ்வமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. அந்நீரைச் சூடாக்கினால் கரைந்தது மீண்டும் கல்சியம் காபனேற்றாக வெளியேறி, சூடான இடத்திலேயே படிகிறது. இதனையே தற்காலிக வன்மை என எமது ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதினர். கேத்திலில் நாம் காண்பது, எழுத உதவிய அந்த வெண்கட்டியின் இனத்தைச் சேர்ந்ததே.

இலண்டனுக்கு வரும் நீரின் பெரும்பகுதி தேம்ஸ், லீ ஆகிய இரு ஆறுகளிலிருந்தும், எஞ்சியது நிலத்தடியிலிருந்தும் பெறப்படுகின்றது. இவ்விரு ஆறுகளுக்கும் ஊற்றுக்கண்ணாக இருப்பவை சில்டேர்ன் குன்றுகள் போன்ற வெண்கட்டிப் பாறை நிலங்களும் அவற்றுக்கு அப்பாலுள்ள சுண்ணாம்புக்கல் நிலங்களுமாகும். ஆகவே மாநகரின் பெரும்பாலான இடங்களில் ஒரு லீற்றர் நீரில் கல்சியம் காபனேற்றுக் கணக்கில் ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிகிராம் வரை வன்மை உண்டு. இலகுவாகச் சொன்னால் லீற்றருக்குக் கால் கிராம் அல்லது அதற்குச் சற்று மேல். மான்செஸ்ரர், கிளாஸ்கோ நகரங்களுக்குக் குடிபெயர்ந்த உறவினர் தமது கேத்தில் பளபளப்பாக இருப்பதாகச் சொல்வார்களாயின் அதில் வியப்பில்லை. அங்கு சுண்ணாம்பு குறைந்த மலைநாட்டு ஏரிகளின் நீர் வருகின்றது.

எம்மவர் பலர் இந்த வன்மையை இலண்டனுக்கே உரிய குறைபாடாகக் கருதுகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு பெரும் சுண்ணாம்புக்கல் திட்டு என்பதை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் ஊறுகின்றவையே. சுண்ணாகம், உரும்பிராய், கோப்பாய்ப் பகுதிகளில் தண்ணீர் கொதிக்க வைத்த பாத்திரத்தின் உட்புறத்தில் படிந்த வெள்ளையை அம்மா சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்ததை எண்ணிப் பார்த்தல் நன்று. இடையில் கொழும்பில் சில மாதங்களோ சில வருடங்களோ தங்கி, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் மென்னீரில் பழகிய பின்னர் இங்கு வந்தவர்களுக்கே இந்த மாற்றம் பெரிதாகத் தோன்றுகின்றது என நாம் எண்ணுகின்றோம்.

உடல்நலத்துக்கு வருவோம். நீரின் வன்மைக்கு உடல்நலம் கருதிய உச்ச எல்லை எதனையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. விதிக்க வேண்டிய தேவை அதற்குத் தென்படவில்லை என்பதே காரணம். மாறாக, இலண்டன் நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் கல்சியம் இருக்கின்றது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராம் தேவை என்பது பிரித்தானிய சுகாதாரத் துறையின் கணக்கு. பால் குடிக்க விரும்பாத எமது முதியோருக்கு இரண்டு லீற்றர் குழாய்நீர் அத்தேவையில் கால்பங்கிற்கு மேல் கொடுத்துவிடுகிறது. சிறுநீரகக் கல் உண்டாகும் என்ற அச்சமும் பரவலாக உண்டு. அக்கல் உண்டாவதைத் தடுப்பதற்கு வைத்தியர்கள் கூறும் முதல் அறிவுரை தாராளமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதேயன்றி, போத்தல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதன்று.

தாயகத்தில் அநுராதபுரம், பொலநறுவைப் பகுதிகளிலும் வன்னியின் சில இடங்களிலும் விவசாயிகளைப் பீடித்துள்ள சிறுநீரக நோயைப் பற்றிய செய்திகளில் வன்னீர் என்ற சொல் அடிபடுவதால் குழப்பம் மேலும் கூடியுள்ளது. அங்கு புளோரைட்டு மிகுந்த நிலத்தடி நீர், விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் வேலை எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன; முடிவு இன்னும் எட்டப்படவில்லை. அந்த நீரும் இலண்டன் நீரும் ஒன்றல்ல. இலண்டன் நீரில் புளோரைட்டு இயற்கையிலேயே குறைவு, செயற்கையாகச் சேர்க்கப்படுவதுமில்லை.

தோல் பற்றிய முறைப்பாட்டில் ஓரளவு உண்மை இருக்கின்றது. மூன்று மாதக் குழந்தைகள் 1,300 பேர் வரையில் ஆராய்ந்து இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட முடிவு, வன்னீர்ப் பகுதிகளில் தோல் அழற்சி கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியது. ஆனால் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் தோல் அழற்சியுள்ள 336 பிள்ளைகளை வைத்துச் செய்து 2011 இல் வெளியிட்ட பரிசோதனையில், வீட்டில் நீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியதால் நோய் தணியவில்லை. ஆகவே கடன்பட்டுக் கருவி வாங்குவதிலும், சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்தவுடன் வைத்தியர் தரும் களிம்பைப் பூசுவதே மேல். வன்னீரில் சவர்க்காரம் வெள்ளைக் கசடாகித் தோலில் ஒட்டிக்கொள்வதே பாதித் தொல்லைக்குக் காரணம்.

அடுக்களைப் பக்கம் சில வார்த்தைகள். தேநீரின் மேல் மிதக்கும் படலம் அழுக்கன்று. இம்பீரியல் கல்லூரியின் இரசாயனவியலாளர் மைக்கல் ஸ்பைரோவும் அவரது சக ஆய்வாளரும் இதற்கெனவே ஆய்வு நடத்தி 1993 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். தேயிலையிலுள்ள பொருள்கள், நீரின் கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்திருக்கும்போது காற்றுப்பட்டு உண்டாக்கும் படலம் அது. சிறிது அமிலம் சேர்ந்தால் அது தோன்றுவதில்லை. எமது வழக்கப்படி தேசிக்காய் பிழிந்த பிளேன்ரீயில் படலம் இல்லாமைக்குக் காரணம் இதுவே. கடலையும் பருப்பும் இங்கு அவியச் சுணங்குவது அடுப்பின் குற்றமன்று. கல்சியம் பருப்பின் தோலை இறுக்கிவிடுகின்றது. ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போதும். கேத்திலுக்கு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விட்டு ஒரு மணித்தியாலம் வைத்து அலசினால் கட்டிகள் நுரைத்துக் கரைந்துவிடும். தடித்த படிவு சூட்டைத் தடுத்து மின்சாரத்தை வீணாக்குவதால் மாதம் ஒருமுறை இதனைச் செய்தல் இலாபம்.

"இலண்டன் தண்ணீர் ஏழு பேரின் சிறுநீரகத்தினூடாக வந்தது" என்று ஆங்கிலேயரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஏழு என்ற எண் எங்கிருந்து வந்ததோ, நாமறியோம். சுவிண்டன், ஒக்ஸ்போர்ட், றெடிங் ஆகிய நகரங்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்ட பின் தேம்ஸ் ஆற்றுத் தொகுதியில் சேர்வதும், கீழே இலண்டனுக்கான நீர் அதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுவதும் உண்மையே. ஆனால் இடையில் நடப்பது என்ன? நீர் முதலில் பெரும் தேக்கங்களில் கிடக்கின்றது. பின்னர் 1829 இல் செல்சி நீர் நிறுவனத்தில் ஜேம்ஸ் சிம்சன் தொடங்கிய மணல் வடிமுறையின் வழிவந்த படுக்கைகளில் மெல்ல இறங்குகின்றது. வோல்தம்ஸ்ரோவின் கொப்பர்மில்ஸ் நிலையத்தில் இன்றும் அவ்வாறான மணற்படுக்கைகள் உண்டு. கிருமிநாசினி வடிவில் வரும் பயிர்மருந்துகளை நீக்க ஓசோனும் கரித்தூளும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டன. இறுதியில் குளோரின். 1854 இல் சோகோவின் புரோட் வீதிக் குழாய்நீரால் வாந்திபேதி பரவுவதை வைத்தியர் ஜோன் ஸ்னோ எடுத்துக்காட்டிய நகரம் இது. பட்டுத் தெளிந்த நகரம் எனலாம்.

தேம்ஸ் வோட்டர் நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் வருபவை நல்ல செய்திகளல்ல. 2025 மே மாதத்தில் கட்டுப்பாட்டுச் சபையான ஒவ்வாட் அந்நிறுவனத்துக்கு 12 கோடி 27 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. அதன் பெரும்பகுதி கழிவுநீரை ஆறுகளில் விட்டமைக்கானது. எஞ்சியது பங்குதாரருக்குப் பணம் பகிர்ந்தமைக்கானது. குடிநீரின் தரத்துக்காக விதிக்கப்பட்டதன்று. ஆற்றைக் கெடுத்த நிறுவனத்தின்மீது கோபம் நியாயமே. ஆனால் அக்கோபத்தைக் குழாய்நீரின் மீது காட்டுவதால் எமது பணப்பையே மெலியும். குடிநீரின் தரத்தை 1990 முதல் தனியான குடிநீர்ப் பரிசோதகர் அலுவலகம் கண்காணித்து வருகின்றது.

போத்தலில் இருப்பது மேலானது என்று எண்ணுவோருக்கு 2004 ஆம் ஆண்டின் கதையொன்று. கொக்கா கோலா நிறுவனம் 'டசானி' என்ற பெயரில் பிரித்தானியாவில் போத்தல் தண்ணீர் விற்கத் தொடங்கியது. தென்கிழக்கு இலண்டனின் சிட்கப்பில் குழாய்நீரையே வடித்து, கல்சியம் உப்புச் சேர்த்து, ஓசோன் செலுத்தி அரை லீற்றர் 95 பென்ஸ் வீதம் விற்றனர் என்பது வெளிவந்தபோது நாடே நகைத்தது. நகைப்பு அடங்குமுன் மற்றொன்று வெளிவந்தது. சேர்த்த உப்பிலிருந்த புரோமைட்டை ஓசோன் புரோமேற்றாக்கிவிட்டது. அது சட்ட எல்லையான லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமைத் தாண்டியிருந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் போத்தல்கள் மீளப்பெறப்பட்டன. குழாயில் இருந்தவரை அந்நீரில் அக்குறை இருக்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வரும் விற்பனையாளர் பற்றியும் எச்சரிக்க வேண்டியுள்ளது. இரு கிண்ணங்களில் நீரை வைத்து மின்கம்பிகளை அமிழ்த்துவார். குழாய்நீர் சேற்று நிறமாகும். அவர் கொண்டுவந்த நீர் தெளிவாகவே இருக்கும். பார்த்தவர் கைச்சாத்திட்டுவிடுவார். நிறமாக்கியது தண்ணீரின் அழுக்கன்று, அமிழ்த்திய இரும்புக் கம்பியின் துருவே. உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும், வடித்த நீர் கடத்தாது, அவ்வளவுதான் வித்தை. மென்மையாக்கும் கருவிகளும் கல்சியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைக் கொடுக்கின்றன. 100 மில்லிகிராம் வன்மையை நீக்கினால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். குருதி அமுக்கம் உள்ளோர் நிறைந்த எமது வீடுகளில் அந்நீரைக் குடிநீராக்குவது நல்லதன்று. குழந்தையின் பால்மாவுக்கு அறவே ஆகாது. கருவி பொருத்தினாலும் அடுக்களையில் ஒரு குழாயை அதனுடன் இணைக்காமல் விடுதல் வேண்டும்.

கண்ணையும் நாக்கையும் கொண்டு தண்ணீரை எடைபோடும் வழக்கம் எமக்கு ஊரிலிருந்தே வந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு, சவர்த் தண்ணீர்க் கிணறு எனப் பிரித்தோம். ஆனால் குடாநாட்டின் பல கிணறுகளில் பசளையாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று எல்லைமீறிச் சேர்ந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வந்துள்ளனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கற்கண்டுபோல் இனித்த கிணற்றிலும் அது இருக்கக்கூடும். இலண்டனில் அவ்வாறு மறைந்திருப்பது ஈயம்.

நிறுவனம் அனுப்பும் நீரில் ஈயம் இல்லையென்றே சொல்லலாம். அது சேர்வது வீதியிலிருந்து வீட்டுக்குள் வரும் கடைசிச் சில மீற்றர் குழாயில். 1970க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் அக்குழாய் ஈயத்தால் ஆனதாக இருக்கக்கூடும். விக்ரோறியா காலத்துத் தொடர்வீடுகளை அறையறையாகப் பிரித்து வாடகைக்கு விடும் பகுதிகளில்தான் எம்மவர் பெருமளவு வாழ்கின்றனர். அடுக்களை புதிதாக இருக்கலாம், குழாய் முனை பளபளக்கலாம். நிலத்தடியில் நூறாண்டுக் குழாயே கிடக்கும்.

ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது. வளர்ந்தோரைவிடப் பிள்ளைகளின் உடல் அதனை மிகுதியாக உறிஞ்சுகிறது. கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்கும் செல்கின்றது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இங்கிலாந்தில் சட்ட எல்லை 2013 டிசெம்பரிலிருந்து லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம் ஆக்கப்பட்டது. இவ்விடத்தில் வன்னீருக்கு ஒரு நன்றியும் கூறவேண்டும். அது குழாயின் உட்புறத்தில் பூச்சொன்றை ஏற்படுத்தி ஈயம் கரைவதைக் குறைக்கின்றது. கட்ரின் ஏரியின் மென்னீரைக் குடித்த கிளாஸ்கோ நகரில்தான் இத்தொல்லை கடுமையாக இருந்தது. பின்னர் அங்கு நீருக்குச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியதாயிற்று. எனினும் அப்பூச்சு மட்டும் போதாது என்பதால் இலண்டனிலும் நீருக்குப் பொஸ்பேற்று சேர்க்கப்படுகிறது. அதுவும் முழுமையான காப்பன்று.

எமது தாய்மார் கொதித்தாறிய தண்ணீரையே நம்புகின்றனர். கிருமிக்கு அது சரியான மருந்து. 1997 இன் தொடக்கத்தில் வட இலண்டனின் சில பகுதிகளிலும் 2024 மே மாதத்தில் டெவனின் பிரிக்ஸ்ஹாமிலும் கிறிப்ரோஸ்போரிடியம் என்ற கிருமி நீரில் கலந்தபோது கொதிக்கவைக்கும்படியே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஈயமோ கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகக் குறைய, ஈயம் சற்றுச் செறியவே செய்யும்.

ஆகவே செய்யக்கூடியது யாது? அடுக்களைத் தொட்டியின் கீழ், அல்லது வீட்டினுள் குழாய் நுழையும் இடத்தில், அடைப்புத் திருகுக்கு அருகே பாருங்கள். வர்ணம் பூசப்படாத ஈயக் குழாய் மங்கிய சாம்பல் நிறமானது, மூட்டுகளில் வீங்கியிருக்கும், நாணயத்தால் மெல்லச் சுரண்டினால் வெள்ளிபோல் மின்னும், காந்தம் ஒட்டாது. செம்பு செந்நிறம், பிளாஸ்ரிக் நீலம் அல்லது கறுப்பு. ஐயமிருப்பின் காலையில் முதல் நீரைக் குடிக்காது, பாத்திரம் கழுவும் தொட்டியொன்று நிறையுமளவு ஓடவிட்டுப் பிடியுங்கள். அந்நீரைச் செடிக்கோ தரைக்கோ பயன்படுத்தலாம். குடிக்கவும் சமைக்கவும் அடுக்களையின் குளிர்நீர்க் குழாயை மாத்திரமே நாடுங்கள். பழைய வீடுகளில் சுடுநீரும் குளியலறை நீரும் கூரையின் கீழுள்ள தாங்கியில் நாள்கணக்கில் கிடந்து வருபவை. அத்தாங்கியின் மூடி எந்நிலையில் உள்ளதோ யாரறிவர். அவசரத்துக்குச் சுடுநீர்க் குழாயில் பிடித்து உலை வைக்கும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். பால்மாவுக்கும் அடுக்களைக் குழாயில் அப்போதே பிடித்த குளிர்நீரைக் கொதிக்க வைத்து, அரை மணித்தியாலத்துக்குள், சூடு 70 பாகைக்குக் குறையுமுன் கரைப்பதே இங்குள்ள சுகாதார சேவையின் அறிவுரை.

அடுத்து, நீர் நிறுவனத்துடன் தொலைபேசியில் பேசுங்கள். பெரும்பாலான இடங்களுக்குத் தேம்ஸ் வோட்டர். ஹரோ பக்கத்துக்கு அவினிற்றி. இல்போர்ட் பக்கத்துக்கு எசெக்ஸ் அன்ட் சபோக். கட்டணச் சிட்டையில் பெயர் இருக்கும். ஆங்கிலம் வராதவர்க்கு "லெட் பைப்", "வோட்டர் ரெஸ்ற்" என்ற நான்கு சொற்கள் போதும், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். ஈயத்துக்கான பரிசோதனையைப் பல நிறுவனங்கள் கட்டணமின்றிச் செய்து தருகின்றன. இதற்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை, வதிவிட உரிமை பற்றி எவரும் வினவுவதுமில்லை. அறிக்கையை எழுத்தில் பெற்றுப் பிரதியொன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லைக்கு மேல் ஈயம் இருப்பின், வீட்டு எல்லைக்குள் உள்ள குழாய் வீட்டுக்காரருடையது. வீதிப் பக்கத்துக் குழாய் நிறுவனத்துடையது. வீட்டுக்காரர் தன் பக்கத்தை மாற்ற முன்வந்து கேட்டால் நிறுவனம் தன் பக்கத்தைத் தன் செலவில் மாற்றும். அவர் அசையாவிடின் உள்ளூர்க் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்கு அறிக்கையுடன் எழுதலாம். 2004 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வீடுகளில் பார்க்கப்படும் 29 ஆபத்துகளுள் ஈயமும் ஒன்று. வீட்டுக்காரர் எம்மவராகவே இருக்கும்போது முகத்தை முறிக்கத் தயங்குவது எமக்குத் தெரியும். குழந்தையுள்ள வீட்டில் அத்தயக்கத்துக்கு இடமில்லை.

இன்னொன்று. கட்டணம் செலுத்தப் பிந்தினால் தண்ணீரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தால் நிறுவனத்துடன் பேசவே அஞ்சுவோர் உளர். 1999 இன் நீர்த்தொழிற் சட்டம் வீடுகளுக்கான நீரைக் கடன் நிலுவைக்காக வெட்டுவதைத் தடைசெய்துவிட்டது. நிலுவை பற்றிய கடிதங்களும் வழக்கும் வரக்கூடும். ஆனால் குழாயில் தண்ணீர் நிற்காது.